நாங்கள் வெட்டிய அரை அங்குல மட்டை

கொஞ்சம் நீண்ட பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வரலாறு கற்பிக்கும் நாங்கள் இருவர் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம். இடையில் கொழும்பில் போட்டோ விற்ற நூற்றைம்பது வருடக் கதை வரும். முடிவில் உங்கள் வீட்டு அலுமாரிக்கு வருவோம்.

சென்ற வருடம் எங்கள் பாடசாலையின் வரலாற்றுக் கழகம் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தது. "வீட்டிலுள்ள பழைய போட்டோ ஒன்று கொண்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தன. வெள்ளவத்தையிலிருந்து கல்யாணப் படங்கள், கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் நன்மைப் படங்கள், கடை திறந்த படங்கள், ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய படம் ஒன்று. எல்லாம் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்று, ஒரே அளவு பிரிஸ்டல் போர்ட் வெட்டி, கம் போத்தலை எடுத்து ஒட்டத் தொடங்கினோம். ஒட்டியது பிள்ளைகள், ஒட்டச் சொன்னது நாங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு மாணவி அவளுடைய உம்மும்மாவின் படத்தைக் கொண்டு வந்திருந்தாள். தொப்பி போட்ட மூன்று ஆண்கள், ஒருவர் கதிரையில், இருவர் நின்றபடி. படம் தடித்த மட்டையொன்றில் ஒட்டப்பட்டிருந்தது. மட்டை ஓரங்களில் பழுப்பேறிக் கறையாக இருந்தது. படத்தின் கீழே மட்டை கூடுதலாக நீண்டிருந்தது, அதில் ஏதோ ஸ்டூடியோவின் பெயர் மங்கிய பொன்னெழுத்தில் இருந்தது. எங்கள் பிரிஸ்டல் போர்ட்டுக்கு அது அரை அங்குலம் பெரிது. ஸ்கேல் வைத்து அந்த அரை அங்குலத்தை வெட்டினோம். மட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ அறபு எழுத்தில் எழுதியிருந்தது. துஆவாக இருக்கும் என்று நினைத்து, அதன் மேலேயே கம் பூசி ஒட்டினோம்.

கண்காட்சிக்கு உம்மும்மாவும் வந்திருந்தார். தன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்களைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சேர், படம் நல்லா வெச்சிருக்கீங்க. பின்னால வாப்பா எழுதி இருந்திச்சே, அது எங்க?"

எங்களுக்குப் பதில் சொல்ல வரவில்லை. அது துஆ அல்ல, அறபுத் தமிழ். படத்தில் இருந்த மூவரின் பெயர்களை, இடமிருந்து வலமாக, அவருடைய வாப்பா எழுதி வைத்திருந்தார். ஓதப்பள்ளியில் அறபு எழுத்துப் படித்து, தமிழைப் பேசி, அந்த எழுத்திலேயே தமிழை எழுதிய தலைமுறை அது. உம்மும்மாவுக்கும் தமிழ் எழுத்தைவிட அதுவே கைவந்த எழுத்து.

படத்தைப் பத்திரமாக வைத்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் படத்தின் பாதியை அழித்துவிட்டோம்.

அந்த வாரமே படத்தை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையொன்றில் இருக்கும் பிரேம் கடைக்குப் போனோம். ஒரு சுவரில் பிள்ளையார், புத்தர், மாதா, கஃபா, ஆயத்துல் குர்ஸி எல்லாம் வரிசையாகத் தொங்கும் கடை அது. பிரேம் போடும் ஐயா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இழுக்காதீங்க சேர். ஒட்டுறதுக்கு ஒரு நிமிஷம் போதும், கழட்டுறதுக்கு ஒரு கிழமை வேணும்" என்றார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "வெட்டின துண்டு எங்க?"

குப்பைக்குப் போய்விட்டது என்றோம். அவர் எங்களைத் திட்டவில்லை. "இந்தப் படத்துல மட்டையும் படம்தான் சேர்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வசனம்தான் எங்களைப் படிக்க வைத்தது. வரலாறு கற்பிக்கிறோம், ஆனால் ஒரு பழைய படம் ஏன் மட்டையில் ஒட்டப்பட்டது, அந்த மட்டையில் யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடப்பட்டது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தேடித் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

மட்டை ஏன் வந்தது?

1839இல் பிரான்சில் டாகேரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது, படம் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் இருந்தது. ஒரு தகடு, ஒரே படம், பிரதி எடுக்க முடியாது. விற்பனைக்கு அது சரிவரவில்லை. 1850இல் பிளாங்கார் எவ்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசிய கடதாசியை அறிமுகப்படுத்தினார். அடுத்த வருடம் இங்கிலாந்தில் ஸ்கொட் ஆர்ச்சர் கண்ணாடியில் நெகடிவ் எடுக்கும் முறையை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததும் தொழில் பிறந்தது. ஒரு கண்ணாடி நெகடிவிலிருந்து வெயிலில் வைத்து எத்தனை பிரதியும் எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் அந்தக் கடதாசி மிக மெல்லியது. காய்ந்ததும் பாய் மாதிரிச் சுருண்டுகொள்ளும். அதனால் ஒவ்வொரு பிரதியையும் மாப்பசை பூசி மட்டையில் ஒட்டித்தான் வாங்குபவர் கையில் கொடுக்க முடியும். அழகுக்காக வந்தது என்று நாம் நினைக்கும் மட்டை தேவைக்காக வந்தது. படத்தைவிட மட்டை கொஞ்சம் பெரிது, சுற்றிலும் இடம் மிஞ்சியது. மிஞ்சிய இடத்தில் கடைக்காரர் தன் பெயரை அச்சிட்டார்.

1854இல் டிஸ்டேரி என்பவர் பாரிஸில் விசிட்டிங் கார்ட் அளவுப் படத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டரை அங்குல அகலம், நான்கு அங்குல உயரம். அடுத்த பத்து வருடங்களில் உலகமெங்கும் ஸ்டூடியோக்கள் இதே அளவில் மட்டை அச்சடித்தன. பின்பக்கம் முழுக்க ஸ்டூடியோவின் பெயர், முகவரி, பதக்கங்கள், "நெகடிவ் பாதுகாக்கப்படும், பிரதி பெறலாம்" என்ற வாசகம். படத்தில் இருப்பவரின் பெயருக்கு அந்த அச்சில் இடமில்லை. அதை வீட்டுக்காரர் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும்.

கொழும்பில்

இலங்கையில் 1860களிலிருந்து இந்த வியாபாரம் சூடுபிடித்தது. கொழும்பில் ஸ்கீன் கம்பனி முன்னணியில் நின்றது. அதை நடத்திய டபிள்யூ. எல். எச். ஸ்கீனின் தந்தை வில்லியம் ஸ்கீன் அரசாங்க அச்சகத்தின் தலைவர். பாவா ஆதம் மலையைப் பற்றி 1870இல் வந்த பெரிய ஆங்கில நூலை எழுதியவரும் அவரே. கண்டியில் ஜோசப் லோட்டன் இருந்தார். அரசாங்கத்தின் வேண்டுகோளில் 1870, 1871 ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளைப் படமெடுத்து, நோயாளியாகத் திரும்பிப் போய் 1872இல் இறந்தவர் அவர். அவருக்குப் பின் கண்டியில் சார்ள்ஸ் ஸ்கோவன் வந்தார். 1890இல் பிளாட்டே தம்பதியர் கொழும்பில் தொடங்கிய ஸ்டூடியோவின் பெயர் கொள்ளுப்பிட்டியில் இன்றைக்கும் நமக்குத் தெரிந்த பெயர்.

வாங்கியவர்கள் யார்? 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் வைத்தார், 1885இல் வேலை முடிந்தது. அதன் பின் கிழக்குக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகும் கப்பல்கள் கொழும்பில் நின்றன. ஒரு நாள், இரண்டு நாள் கரையிறங்கும் பயணிகள் ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது தேடினார்கள். இரத்தினக்கல், ஆமையோட்டுச் சீப்பு, தேயிலை, மட்டையில் ஒட்டிய போட்டோ. கோட்டையில் நமது முன்னோர் பலர் இரத்தினக்கல் விற்றுக்கொண்டிருந்த அதே தெருக்களில் இந்தப் படங்களும் விற்பனையாகின.

அந்தப் படங்களில் நமது முன்னோரும் இருந்தார்கள். காட்சிப் படங்களோடு "மனித வகைகள்" என்று ஒரு பிரிவையே ஸ்டூடியோக்கள் விற்றன. ஒருவரை நிறுத்தி, உடையோடும் கைப்பொருளோடும் எடுத்து, கீழே "மூர்மேன்", "தமிழ்ப் பெண்", "கண்டியத் தலைவர்", "கூலிகள்" என்று எழுதுவார்கள். சிலவேளை மட்டையில், சிலவேளை நெகடிவிலேயே. கூடவே ஸ்டூடியோவின் பெயர், ஒரு இலக்கம். அந்த மனிதருக்குப் பெயர் இருந்திருக்கும், கொழும்பின் ஏதோ ஒரு தெருவில் வீடும் பிள்ளைகளும் இருந்திருக்கும். மட்டையில் எழுதப்பட்டது "மூர்மேன்". இன்று வெளிநாட்டு நூதனசாலைகளிலும் ஏல விற்பனைகளிலும் இந்தப் படங்கள் வரும்போது எடுத்தவரின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, மட்டையின் அளவுகூட இருக்கிறது. அவருடைய பெயர் மட்டும் இல்லை.

ஒரே கை, இரண்டு விதமாக

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எங்களுக்கு நல்ல உதாரணம் ஒன்று கிடைத்தது. சாதாரண தரத்தில் கோல்புறூக் கமரன் சீர்திருத்தம் படிப்பிக்கிறோம் அல்லவா? 1833. அந்தக் கமரனின் மனைவிதான் ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகைப்பட வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர்.

1863இல், 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். டார்வின், டெனிசன், ஹெர்ஷல் போன்றவர்களை எடுத்தார். படத்தை மட்டையில் ஒட்டி, கீழே தன் கைப்பட எழுதி, கையொப்பமிட்டு, லண்டனில் கொல்நாகி என்ற படவிற்பனைக் கடையின் ஊடாக விற்றார். டார்வினின் படமொன்றில், அவர் தம் கையால் எழுதிய பாராட்டு வரியையும் அச்சிட்டுச் சேர்த்தார். மட்டையில் இருக்கும் எழுத்து படத்தின் மதிப்பைக் கூட்டும் என்று அந்தக் காலத்திலேயே விளங்கிக்கொண்ட வியாபாரி அவர்.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். இங்கே கமரன் குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையிலும் மலையகத்திலும் வாழ்ந்து, 1879 ஜனவரியில் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கே அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் அறியப்பட்ட ஒன்றின் தலைப்பு "களுத்துறை விவசாயிகள் குழு", 1878. நல்ல படம், மரியாதையோடு எடுத்த படம். ஆனால் அங்கே ஆளுக்கு ஆள் பெயர் இருந்தது, இங்கே "குழு" ஆகிவிட்டது. எடுத்ததும் அதே கைதான்.

இதை அவரைக் குற்றஞ்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாங்கள் அரை அங்குலம் வெட்டியவர்கள், குற்றஞ்சாட்டும் இடத்தில் இல்லை. பெயரை எழுதுவதும் விடுவதும் மட்டையில்தான் நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

நெகடிவ் போனபின்

கொழும்பு ஏழில் லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிறோம். அந்தப் பெயருக்குரியவர் 1900இல் பிறந்த பியானோக் கலைஞர், சட்டம் படித்தவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் படப்பிடிப்பாளர். 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. 1938இல் லண்டனில் அவருடைய படக் கண்காட்சி நடந்தது. நவீன ஓவியர்கள் சேர்ந்த '43 குழு' 1943இல் அவருடைய வீட்டில் தொடங்கியது. அடுத்த வருடமே, 44 வயதில் இறந்துவிட்டார்.

அவர் இறந்தபின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டன. இன்றைக்கு உலகம் பார்க்கும் வென்ட், அவர் உயிரோடிருந்த காலத்தில் கடதாசியில் அச்சாகிக் கைமாறியவை, பாதுகாக்கப்பட்டவை, 1950இல் நண்பர்கள் வெளியிட்ட தொகுப்பில் வந்தவை. 2017இல் ஏதென்ஸில் நடந்த 'டொக்குமென்டா' கண்காட்சிவரை போனவையும் இப்படித் தப்பிய கடதாசிகளே.

நம் வீட்டுப் படங்களும் அப்படித்தான். எடுத்த ஸ்டூடியோ மூடியாகிவிட்டது, நெகடிவ் எங்கேயோ போய்விட்டது. கையில் இருக்கும் அந்த ஒரு கடதாசிதான் மூலம். அது போனால் எல்லாம் போயிற்று.

போன கதைகள் நமக்குத் தெரியாததல்ல. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பொரளையிலும் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். கடையும் வீடும் பிறகு கட்டலாம், கல்யாண ஆல்பத்தைக் கட்ட முடியாது. எங்களுக்கு உதவிய பிரேம் கடை ஐயாவின் தகப்பனுடைய கடையும் அந்தக் கிழமை எரிந்தது. "கடையில எங்கட படம் கொஞ்சம்தான் சேர், மற்றவங்க பிரேம் போடத் தந்த படம்தான் நிறைய. ஆட்கள் வந்து கேட்டாங்க. அப்பா என்னத்தைக் குடுப்பார்?" என்றார்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். எங்களில் ஒருவருடைய குடும்பம் அந்த வழியாக வந்ததுதான். குழந்தையையும் உடுத்த உடையையும் தவிர வேறெதையும் எடுக்க முடியாதபோது சுவரில் இருப்பதை யார் கழற்றுவார்? அந்தக் குடும்பத்துக்கு இன்று மிஞ்சியிருப்பவை, 1990க்கு முன் கொழும்பிலுள்ள உறவினருக்குத் தபாலில் அனுப்பிய நான்கு படங்கள். வென்டின் படங்களைப் போலவே, வீட்டில் இருந்தவை போயின, கைமாறியவை தப்பின.

2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் வீதியோரம் இருந்ததைப் பார்த்தோம். பெரிதாக்கி லெமினேட் செய்த படம், கீழே பெயர், திகதி, இடம். அந்தத் தாய்மார் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, ஆனால் படத்தின் கீழே பெயர் இல்லாவிட்டால் கேள்வி கேட்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "ஒருவர்" என்று யாரும் எழுதவில்லை, இன்னார் என்று எழுதியிருந்தார்கள்.

ஐயாவிடம் படித்தது

இனி வேலைக்கு வருகிறோம். பல மாலைகள் கடையில் உட்கார்ந்து பார்த்துக் கற்றவற்றை, பிறகு வாசித்துச் சரிபார்த்து எழுதுகிறோம்.

முதலாவது, மூலப் படத்தின் மேல் பசை படக்கூடாது. கம், சலோட்டேப், டபுள் டேப், ஸ்பிரே எதுவும் வேண்டாம். டேப்பின் பசை வருடங்கள் போக மஞ்சளாகிக் கடதாசிக்குள் இறங்கும். எழுபது, எண்பதுகளில் வந்த பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் ஆல்பங்களும் இதே ரகம்தான். லெமினேட்டிங் செய்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது. பிரதிக்குச் செய்யலாம், மூலத்துக்குக் கூடாது.

இரண்டாவது, மட்டை. மலிவான மட்டை மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் காலப்போக்கில் மட்டையைப் பழுப்பாக்கி உடையவைக்கும், படத்துக்கும் இறங்கும். உம்மும்மாவின் படத்தில் நாங்கள் கறை என்று பார்த்தது அதுதான். பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டும் அப்படித்தான். அமிலம் நீக்கிய மட்டை அல்லது பஞ்சுக் கூழில் செய்த மட்டை கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், அதனால் எல்லாப் படத்துக்கும் வேண்டாம், மூலம் ஒன்றுக்காவது.

மூன்றாவது, கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. கடைக்காரர்கள் 'மவுண்ட்' என்று சொல்லும், ஜன்னல் மாதிரி நடுவில் வெட்டிய மட்டை அதற்காகத்தான். போட்டோக் கடதாசியின் மேற்பூச்சு ஜெலட்டின். கொழும்பின் ஈரப்பதனில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு முகம் கண்ணாடியோடு உரிந்து வரும். ஜன்னலின் உள்விளிம்பை 45 பாகையில் சரிவாக வெட்டுவார்கள், படத்தின் மேல் நிழல் விழாது. கீழ் ஓரத்தை மற்ற மூன்றைவிடச் சற்று அகலமாக விடுவார்கள், இல்லாவிட்டால் படம் கீழே இறங்கியது போலத் தெரியும்.

நான்காவது, பசையில்லாமல் எப்படி நிற்கும்? நான்கு மூலையிலும் கடதாசியை மடித்துச் சிறு பைபோலச் செய்து, படத்தின் மூலையை அதற்குள் செருகி, அந்தப் பையை மட்டும் பின்மட்டையில் ஒட்ட வேண்டும். படம் சுதந்திரமாக இருக்கும். மழைக்காலத்தில் கடதாசி விரியும், வெயிலில் சுருங்கும். இடம் கொடுத்தால் நெளியாது. நாளைக்கு வேறு ஒருவர் கழற்ற வேண்டுமென்றாலும் ஒரு நிமிட வேலை. "நாம செய்யுறத இன்னொருத்தர் கழட்டக்கூடியதா இருக்கணும்" என்பது ஐயாவின் சட்டம். இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எங்களுக்குத் தெரியாது.

ஐந்தாவது, எங்கே மாட்டுவது? வெள்ளவத்தையில் கடல் பக்கத்துச் சுவரில் வேண்டாம், ஈரம் ஊறும். வெயில் விழும் சுவரிலும் வேண்டாம். பிரேமின் பின்மூலைகளில் சிறு கோர்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும்.

மாட்டுவது பற்றி நமது வீடுகளில் வேறு கருத்தும் உண்டு. உருவப்படத்தைச் சுவரில் வைக்காத வீடுகள் பல. அந்த விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். பிஸ்கட் டின்னுக்குள்ளும் அலுமாரிக்குள்ளும் இருட்டில் கிடந்த நமது உம்மும்மாமாரின் படங்கள், சுவரில் வெளிச்சத்தில் தொங்கிய படங்களைவிடத் தெளிவாகவே இருக்கின்றன. வெளிச்சம் நிறத்தைத் தின்னும். மாட்டாத வீடுகளுக்கும் மேலே சொன்னவை பொருந்தும். உறையிலிட்டு, ஈரம் படாமல், நிமிர்த்தி வையுங்கள்.

படம் என்னாயிற்று?

ஐயா நாங்கள் ஒட்டிய பிரிஸ்டல் போர்ட்டைப் பின்பக்கமிருந்து மெல்லிய பிளேடால் படை படையாக உரித்தார். கடைசிப் படைக்குக் கெட்டியான கோதுமை மாப்பசையைப் பூசி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். பழைய மட்டை தடிப்பானதால் ஈரம் முன்பக்கப் படத்துக்குப் போகவில்லை. பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது என்பதால் எழுத்தும் தப்பியது. பேனா மையாக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

வெளிப்பட்ட எழுத்தை உம்மும்மாவிடம் கொண்டுபோனோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். முதல் வரி அவருடைய வாப்பாவின் பெயர். இரண்டாவது வரி வாப்பாவின் மூத்த நாநா. இவர் யாரென்று அந்த வீட்டில் இத்தனை நாள் யாருக்கும் நிச்சயமில்லை. மூன்றாவது வரி மட்டையின் அடி ஓரத்தில் இருந்தது. எழுத்துகளின் மேல்பாதி தெரிந்தது. கீழ்ப்பாதியோடு புள்ளிகளும் போய்விட்டன. அறபு எழுத்தில் கீழ்ப்புள்ளி போனால் எந்த எழுத்தென்று பிரிக்க முடியாது. உம்மும்மா நாலைந்து பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை.

அந்த மூன்றாமவரின் பெயர் எங்கள் குப்பைக்கூடையில் போனது. கப்பல் பயணிகளுக்குப் படம் விற்றவர்கள் "மூர்மேன்" என்று எழுதி ஒருவரைப் பெயரற்றவராக்கினார்கள் என்று வகுப்பில் கோபத்தோடு சொல்கிறோம். நாங்கள் ஒரு ஸ்கேலும் கத்தியும் வைத்து, அழகாக இருக்கட்டும் என்று நினைத்து, அதையேதான் செய்தோம்.

இந்த வருடம் கண்காட்சி வேறு விதமாக நடந்தது. மூலப் படங்களைப் பிள்ளைகள் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்துவிட்டு அன்றே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிரதிகளை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சிட்டு, ஐயா காட்டிக்கொடுத்தபடி பதினொன்றுக்குப் பதினான்கு மவுண்டில் வைத்தார்கள். அனுமதி தந்த குடும்பங்களின் பிரதிகளை விற்று, பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் வாங்கினோம். ஒவ்வொரு மட்டையின் பின்பக்கத்திலும் மூன்று விஷயங்கள் பென்சிலால் எழுதப்பட்டன. யார், எங்கே, யார் சொன்னது. தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதச் சொன்னோம், ஊகிக்க வேண்டாம் என்றோம்.

உம்மும்மாவின் படத்தின் கீழே இரண்டு பெயர்களை எழுதினோம். மூன்றாமவருக்கு இப்படி எழுதினோம்: "பெயர் எழுதப்பட்டிருந்தது. சென்ற வருடம் கண்காட்சிக்காக நாங்கள் வெட்டிவிட்டோம்." அதை எழுத வேண்டாம், பாடசாலைக்கு அழகில்லை என்று சிலர் சொன்னார்கள். உம்மும்மா மட்டும், "எழுதுங்க, ஆளுக்குப் பேர் இருந்திச்செண்டு தெரியட்டும்" என்றார்.

உறவுகளே, இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். அலுமாரியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருக்கும்போதே காட்டிக் கேளுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்பக்க ஓரத்தில் பெயரை எழுதுங்கள். பிளாஸ்டிக் பூசிய புதிய போட்டோக் கடதாசியில் பென்சில் பிடிக்காது, அதை ஒரு உறையில் போட்டு உறையின் மேல் எழுதுங்கள். ஒரு பிரதி எடுத்து வேறு ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்புங்கள். பின்பக்கத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால், விளங்காவிட்டாலும், அதையும் படமெடுத்து வையுங்கள்.

கத்தியை மட்டும் எடுக்காதீர்கள்.